மளிகையோடு வரும் மாத்திரை

கேள்வி: எனக்கு 38 வயது. பல வருடமாக ஒற்றைத் தலைவலி. சில தடவை வலிக்கு முன்னால் கண்ணில் வளைவு வளைவாக வெளிச்சம் தெரியும், சில தடவை நேராக வலிதான். மாதவிலக்கு நெருங்கினால் கட்டாயம் வரும். இப்போது காலையில் எழும்போதே வலிக்கிறது. கணவர் சனிக்கிழமை மளிகையோடு ஓர் அட்டை மாத்திரையும் மறக்காமல் வாங்கி வந்துவிடுவார். எனக்கு இருப்பது எந்த வகை?
– வாசகி, பாலக்கோடு

பதில்: சரி, வகையைச் சொல்கிறேன். கண்ணில் வெளிச்சம் தெரிந்து, ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்கி, பிறகு வலித்தால் அது 'ஆரா' உள்ள மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி. நேராக வருவது ஆரா இல்லாதது. பெரும்பாலோருக்கு இதுதான். ஒருவருக்கே இரண்டும் வரலாம். விலக்கை ஒட்டி வருவதற்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைவது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மளிகை வரியைத்தான். வாரம் ஓர் அட்டை என்றால் மாதம் 40 மாத்திரை! சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள், பல மருந்து கலந்ததை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். எழும்போதே வலிக்கிறது என்கிறீர்களே, எனக்கு அந்தச் சந்தேகம்தான். நீங்கள் கேட்காமல் விட்ட வகை இது.

உங்கள் கணவர் மேல் எனக்குக் கோபம். வாராவாரம் அட்டை வாங்கத் தெரிந்தவருக்கு, ஒரு நாள் வேலையை விட்டு உங்களை டாக்டரிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லை. அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டீர்களே, உங்கள் மேலும் கோபம்தான். மாத்திரை போட்டால் எழுந்து சமைத்துவிடுவீர்கள், வீட்டில் எல்லோருக்கும் அது வசதி. ஒருத்தி வலியை விழுங்கிக்கொண்டு நடத்துகிற குடும்பத்தை நான் நல்ல குடும்பம் என்று சொல்லமாட்டேன். கட்டியவளோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது கணவனின் கடமை. இந்தப் பதிலை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரண்டு பேரும் போங்கள். காலி அட்டையையும், வலி வந்த நாட்களையும் விலக்குத் தேதியையும் குறித்த காலண்டரையும் எடுத்துப்போங்கள். மைக்ரேன் வராமல் தடுக்கத் தனி மருந்துகள் உண்டு, கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள். ஆரா உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். இதுவரை வராத கடும் வலி திடீரென்று வந்தாலோ, வாய் குளறினாலோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலோ அட்டையைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.