வெற்றிலையோடு போடும் புகையிலை கருவைப் பாதிக்குமா?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சிகரெட்டைத் தொட்டதில்லை, ஆனால் வெற்றிலையோடு சிறிது புகையிலை போடும் பழக்கம் உண்டு. புகைதானே கெடுதல், மெல்லுவதால் ஒன்றுமில்லை என்கிறார் மாமியார். மசக்கை வாந்திக்குக் கஞ்சா நல்லது என்கிறாள் கனடாவில் இருக்கும் என் தோழி. இவை நஞ்சுக்கொடியைப் பாதிக்குமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பாதிக்கும். கெட்டதை வடிகட்டி நல்லதை மட்டும் குழந்தைக்கு அனுப்பும் உறுப்பு நஞ்சுக்கொடி என்று பலரும் நம்புகிறார்கள். நிக்கோடினுக்கும் கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.க்கும் அது தடையே அல்ல.

வெற்றிலையில் நீங்கள் தடவும் சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்டுவதால், புகையிலையின் நிக்கோடின் கன்னத்தின் உட்தோல் வழியாக இன்னும் விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. கலந்ததும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, நஞ்சுக்கொடிக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. மும்பையில் 1,217 பெண்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. குறைப்பிரசவமும் கூடுதலாக இருந்தது. மாமியாருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது.

வீட்டில் யாராவது புகைத்தால் அதுவும் உங்கள் கவலைதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடம் விடாது. புகைபிடிக்கும் பெண்களுக்கு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து அமைவதும், பிரசவத்துக்கு முன்பே கருப்பையிலிருந்து பிரிந்து இரத்தப்போக்கை உண்டாக்குவதும் அதிகம்.

கஞ்சாவைப் பொறுத்தவரை, டி.எச்.சி. ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நஞ்சுக்கொடியிலேயே உள்ளன. டி.எச்.சி.யால் நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் சரியாக வளராமல் போவதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. கஞ்சா பயன்படுத்துவோரில் பலர் புகைபிடிப்பவர்களாகவும் இருப்பதால் இரண்டின் தீங்கையும் தனித்தனியே பிரித்தறிவது கடினம் என்றாலும், எடைக் குறைவோடும் குறைப்பிரசவத்தோடும் கஞ்சாவுக்குள்ள தொடர்பு பல ஆய்வுகளில் தெரிகிறது. கனடாவில் 2018 முதல் அது சட்டப்படி விற்கப்படுவது உண்மையே. கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு அரசே எச்சரிக்கிறது என்பதைத் தோழி சொல்லவில்லை போலும். நெடுநாள் கஞ்சாப் பழக்கமே சிலருக்கு ஓயாத வாந்தியை வரவழைப்பதும் உண்டு.

ஐந்தாம் மாதத்திலும் வாந்தி நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்ஸிலமைனும் பைரிடாக்ஸினும் சேர்ந்த மாத்திரை கர்ப்ப காலத்துக்கென்றே நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. புகையிலைப் பழக்கத்தையும் அவரிடம் மறைக்க வேண்டாம். இப்போது நிறுத்தினாலும் குழந்தைக்குப் பலன் உண்டு. நிறுத்துவது கடினமாக இருந்தால் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். புகையிலையை விடுவதற்கென விற்கும் நிக்கோடின் சூயிங்கத்தை மட்டும் நீங்களாக வாங்கி மெல்லாதீர்கள்.