காசியில் அரை நூற்றாண்டு கிடந்த, இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் ஹரிகேன் போர் விமானத்தைப் பறக்கவிட, இன்ஜினை ஓவர்ஹால் செய்து பெயின்ட் அடித்தால் போதாதா?

போதாது. பழைய கார்களைத் தேய்த்து மினுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஹரிகேனில் இன்ஜின் சுலபமான பாதி. உயிரை வாங்குவது எலும்புக்கூடு.

நீங்கள் சொல்வது ஆர்4118 என்ற எண் கொண்ட விமானம். 1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில், பிரிட்டிஷ் விமானப்படையின் 605ஆம் ஸ்குவாட்ரனுக்காக 49 முறை பறந்தது. பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறி, 1947இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாடப்பொருளாகப் போய்ச் சேர்ந்தது. 1982இல் பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணில் பட்டு, 2001இல் இங்கிலாந்து திரும்பி, 2004 டிசம்பரில் பறந்தது. கடைசி மூன்று வருஷமும் பட்டறை வேலை. ஏன் அத்தனை காலம் என்பதுதான் விஷயம்.

ஹரிகேனின் உடல் வெல்டிங்கில் நிற்பதில்லை. உருண்டைக் குழாய்களின் முனையைச் சதுரமாக அமுக்கி, இருபக்கமும் எஃகுத் தகடு வைத்து, போல்ட்டும் ரிவெட்டும் போட்டுக் கோத்த கூடு அது. சில குழாய் எஃகு, சில டியூராலுமின் என்ற அலுமினியக் கலவை. இரண்டு உலோகமும் ஒட்டும் இடத்தில் ஈரம் இறங்கினால் பேட்டரி மாதிரி வேலை செய்து டியூராலுமினைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். தகட்டைக் கழற்றினால் வெள்ளைப் பொடி கொட்டும். எஃகுக் குழாயோ உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சுவர் கனமே ஏறத்தாழ 1 மி.மீ.தான், அதில் துரு குழி பறித்தால் குழாயைக் கழித்துவிட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு மூட்டையும் பிரித்துப் பார்க்காமல், பறக்கலாம் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

திரும்பக் கோத்த பிறகு குறுக்குக் கம்பிகளை முறுக்கிக் கூட்டை நேராக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னியவருக்குப் புரியும்: ஒரு மூலையை இறுக்கினால் வேறொரு மூலை கோணிக்கொள்ளும்.

இறக்கையின் நடுப்பகுதியைத் தாங்கும் சட்டம் இன்னும் மோசம். எஃகுப் பட்டையை உருளைகளுக்கிடையே விட்டு, பல முகம் கொண்ட குழாயாக மடித்தது. அந்த வடிவம் எந்தக் கடையிலும் கிடைக்காது. முதலில் உருளைகளைச் செய்ய வேண்டும்.

'அப்படியானால் பாதி புதுசு, டூப்புதானே' என்று ஒருவர் கட்டாயம் வருவார். அடிபட்ட குழாயைக் கழற்றி வேறு மாட்டிப் பறப்பதற்கென்றே கட்டிய விமானம் ஐயா இது. 1940இலேயே அப்படித்தான் ஓட்டினார்கள்.

பின்னுடலுக்கு மரச்சட்டம், மேலே லினன் துணி, அதன்மேல் டோப் என்ற வார்னிஷ் மாதிரியான பூச்சு. காய்ந்தால் துணி மேளத்தோல் போல இறுகும். முதல் பூச்சைத் தூரிகையால் நெசவுக்குள் தேய்த்து இறக்க வேண்டும். தாராளமாக விட்டால் உள்ளே வழிந்து கட்டிதட்டும். வெயில் துணியை மக்கச்செய்யாமலிருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சும் உண்டு. ஈரக்காற்று நாளில் டப்பாவையே திறக்கக் கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடும். அந்த இடத்தில் பலம் இருக்காது.

   

இன்ஜின் சுலபம் என்றதற்கு, ஹரிகேனின் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜினுக்குள்ள பக்தர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கூட்டோடு ஒப்பிட்டுச் சொன்னேன். ஆர்4118இல் இருப்பது மெர்லின் 3: 27 லிட்டர், 12 சிலிண்டர். பிந்தைய மெர்லின்களில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் தனித்தனி; இதில் இரண்டும் ஒரே வார்ப்பு. சிலிண்டரின் உட்சுவரான லைனர் மேலே போய் உட்காரும் இடத்தில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும். அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எங்காவது முட்டி நின்றால் பலம் கொடுக்கக் கூடாது, பின்னோக்கித் திருப்பவும் கூடாது. திரவம் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 24 ஸ்பார்க் பிளக். கழற்றி வடியவிட்டு, கசிவு எந்த சிலிண்டரில் என்று தேட வேண்டும்.