மூளைக் கட்டிக்குத் தமனி வழியாக மருந்து கொடுக்க முடியுமா?

மாதுங்காவில் எங்கள் மாடி வீட்டு மாமி கேட்ட கேள்வி. அவருடைய அண்ணனுக்குக் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைப் புற்றுக்கட்டி.

முடியும். தொடைத் தமனியில் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்கு ரத்தம் தரும் கிளை வரை கொண்டுபோய் மருந்தைச் செலுத்துவார்கள். சிக்கல் அங்கேதான். மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் செல்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். பெரும்பாலான மருந்துகள் உள்ளே புகாது. அதனால் முதலில் மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளின் செறிவான கரைசல். அது செல்களிலிருந்து நீரை இழுக்க, உப்பில் போட்ட மாவடு மாதிரி அவை சுருங்கும், கொஞ்ச நேரம் இடைவெளி திறக்கும். அப்புறம் கார்போபிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து.

வலிப்பு, பக்கவாத அபாயம் உண்டு. கிளியோபிளாஸ்டோமாவுக்கு இது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. வழக்கமானது அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்து. "அது வெறும் மாத்திரைதானே?" என்றார் மாமி. வாயால் விழுங்கினாலும் அதன் சிறிய மூலக்கூறு அந்தச் சுவரை ஓரளவு தாண்டிவிடும்.