வண்டி வீட்டின் பைப்புகள் உறையாதிருக்க

கேள்வி: டெம்போ டிராவலரை வீடு போல மாற்றி வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி, பம்ப், ஃபில்டர், பைப்புகள் எல்லாம் வண்டியின் தரைக்கு அடியில் உள்ளன. சென்ற ஜனவரியில் மணாலியில் ஓரிரவு நிறுத்தியிருந்தபோது தண்ணீர் உறைந்து ஃபில்டர் கூடு விரிசல் விட்டது. இம்முறை கேலாங் வரை செல்ல எண்ணுகிறோம். என்ன செய்யலாம்?
— வாசகர், மயூர் விஹார், தில்லி

பதில்: தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். பைப்பின் நடுவே பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்க்கும் இடையே சிக்கிய தண்ணீர் போக்கிடமின்றி அழுந்தி, வளைந்து கொடுக்காத ஃபில்டர் கூட்டையோ பம்பின் தலையையோ பிளந்துவிடுகிறது. தில்லிக் குளிரில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லாததால், இங்கே வண்டியை மாற்றித் தருபவர்களில் பலர் தண்ணீரை வடிக்க வழியே வைப்பதில்லை. மணாலிக்கு அப்பால் மலையைக் குடைந்து செல்லும் அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பின் குளிர்காலத்திலும் கேலாங் இருக்கும் லாஹௌல் பக்கம் போவோர் பெருகிவிட்ட நிலையில், இது பெருங்குறை.

ஆகவே, புறப்படும் முன் பைப் வரிசையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு பொருத்தச் சொல்லுங்கள். மணாலியை அடைவதற்கு முன்பே தொட்டியைக் காலி செய்து, குழாய்கள் அனைத்தையும், வெந்நீர்க் குழாயையும் ஷவரையும் விடாமல், திறந்து வைத்து, தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்வரை பம்பைச் சில விநாடிகள் ஓட்டி அணையுங்கள். ஃபில்டர் கூட்டைக் கழற்றிக் கவிழ்த்துவிடுங்கள். ஹீட்டரின் தொட்டி ஆறிய பிறகு அதையும் வடியுங்கள். குழாய்கள் திறந்தபடியே இருக்கட்டும். அங்கிருந்து மேலே, வண்டிக்குள் வைத்த கேன் தண்ணீரே போதும். பனிப்பொழிவில் வழி அடைபட்டு வண்டி நாள்கணக்கில் நின்றாலும் காலியான பைப்புக்கு ஒன்றும் ஆகாது.

கழிவுநீர்ப் பைப்பின் வளைவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதில் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த, நச்சுத்தன்மையற்ற உறைதடுப்பானை ஊற்றலாம். ரேடியேட்டர் கூலன்ட்டில் பொதுவாக உள்ள எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் ஓடும் பைப்பில் அதன் ஒரு துளியும் படக்கூடாது.

வண்டிக்குள் சூடேற்றினால் போதாதா என்று தோன்றலாம். அந்தச் சூடு தரைக்கு அடியில் உள்ள பைப்பை எட்டாது. அங்கீட்டியில் (கரியடுப்பில்) கரி மூட்டிக் கதவை அடைத்துக்கொண்டு உறங்குவது உயிரையே பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எவ்வளவு கவனித்தும் எங்காவது உறைந்துவிட்டால், தீயைக் காட்ட வேண்டாம். குழாயைத் திறந்து வைத்து, வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பைப்பின் மீது சுற்றிக்கொண்டே வாருங்கள். முழுவதும் உருகும்வரை பம்பைப் போடாதீர்கள். உறைந்திருக்கும்வரை கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருப்பதால், உருகிய பிறகுதான் கசிவு தெரியும். இணைப்புகள் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்த பின்னரே தொட்டியை நிரப்புங்கள்.