மெஷின் சரி, ஆர்டர் எங்கே?

அன்புள்ள ஐயா,

ஞாறான்விளை அகதிகள் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கு மூன்று மாதம் தையல் வகுப்பு நடத்தி, கடைசியில் ஆளுக்கொரு மெஷின் கொடுக்கலாம் என்று எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தில் பேசினோம். "அரசாங்கம்தான் மாசாமாசம் பணம் கொடுக்குதே, நாம வேற எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பணம் எவ்வளவு என்று கேட்டவர்களுக்குச் சொல்லுங்கள். 2021-இல் உயர்த்தி அறிவித்ததே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 500. இதில் யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போவதும் பெண்கள் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்குப் போவதும் அதனால்தான்.

உழைக்கத் தெரியாதவர்களுக்கு நாம் ஏதோ கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் (அகதிகள்) மறுவாழ்வுக் கழகத்தில் வேலை செய்தவர்களே பெரும்பாலும் ஏதிலியர்தான். முகாமில் படித்த பெண்கள் முகாம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். சுய உதவிக் குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் சங்கத்துக் கணக்கையும் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம்!

சிக்கல் வேறிடத்தில். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, தாய் தகப்பன் இருவருமே ஏதிலியர் என்றால், இந்த மண்ணில் பிறந்திருந்தும் பிறப்பால் குடியுரிமை இல்லை. படித்து முடித்தாலும் அரசு வேலை கிடையாது. உங்கள் சங்கமோ என் கட்டுரையோ இதைத் தீர்க்காது. நாம் செய்ய முடிந்தது தைத்த துணியை வாங்க ஆள் பிடிப்பது.

நம் குமரி மாவட்டத்துக்கு இது புதிதில்லை. 1819-இல் நாகர்கோவில் வந்த மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். பின்னியதை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்கவும் அந்தப் பள்ளியே வழி செய்தது. அந்தக் காசில் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. உங்கள் ஊர்த் தேனையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம், பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்ததோடு விட்டிருந்தால் மார்த்தாண்டம் தேன் என்று பேர் வந்திருக்குமா? தேனை வாங்கி விற்க ஒரு கூட்டுறவுச் சங்கமும் வந்தது.

வகுப்பு மட்டும் நடத்தினால் சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டுவார்கள், மெஷினில் துணி மடித்து வைப்பார்கள். எனவே முதலில் ஆர்டர் பிடியுங்கள். உங்கள் சபைப் பள்ளியின் யூனிபார்ம், பாடகர் குழுவின் உடை, கிறிஸ்துமஸ் துணி, எதுவானாலும் சரி. துணிக்கு அட்வான்ஸ் கொடுங்கள். கூலி வெளி டெய்லர் வாங்குவதில் ஒரு ரூபாய்கூடக் குறைய வேண்டாம். குறைத்தால் அது தர்மம் இல்லை, லாபம். யார் வெட்டுவது, யார் தைப்பது, பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

பேசப் போவதானால் ஞாயிறு மதியத்துக்கு மேல் போங்கள், மற்ற நாளில் வேலைக்குப் போயிருப்பார்கள். மெஷின் எத்தனை வேண்டும் என்று அப்போது அவர்களே சொல்வார்கள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் ஒன்று போதும் என்றுகூடச் சொல்லலாம்.