அடையாத்துல வேர், சிட்னியில கிளை: ரேடியோ பத்தி வாசகர் கேள்விகள்

கேள்வி: பையன் சிட்னியில வேலை பாக்குறான், போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தேன். டாக்ஸியில ஏறினா ‘டூ ஜிபி’ன்னு ஒரு ரேடியோ, பாட்டே கிடையாது, நாள் பூரா எவனாச்சும் போன் போட்டு பேசிக்கிட்டே இருக்கான். அது என்ன ஜிபி, மெமரி கார்டு ஜிபியா? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: நல்லா கேட்டீங்க போங்க. அது ஒரு ஆளோட பேரு சார். ஜியோர்டானோ புரூனோன்னு இத்தாலியில ஒரு துறவி, ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன், அண்டத்துக்கு எல்லையே இல்லன்னு பேசினவரு, சர்ச்சோட இன்னும் பல விஷயத்துல மோதினவரு, 1600ல ரோம் நகரத்துல உயிரோட கொளுத்திட்டாங்க. முன்னாடி இருக்கிற 2, அந்த ஸ்டேஷன் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோடதுன்னு காட்டுற நம்பர்.

சரி, எரிஞ்சுபோன துறவி பேரை வியாபார ரேடியோவுக்கு எவன் வெச்சான்னு கேப்பீங்க. இங்கதான் நம்மூரு வருது. வெச்சது பிரம்மஞான சபை, அதாங்க நம்ம சென்னை அடையாத்துல பெரிய ஆலமரம் இருக்கே, அந்த தியசாபிகல் சொசைட்டி. உலகம் பூரா கிளை இருந்தாலும் தலைமையகம் 1882லேர்ந்து அடையாறுதான். 1909ல அடையாறு கடற்கரையில ஜே.கிருஷ்ணமூர்த்தியை சின்னப் பையனா பாத்து இவன்தான் உலக குருன்னு சொன்னாரே லெட்பீட்டர், சபையில முக்கியமான ஆளு, அவரு பின்னாடி சிட்னி மாஸ்மன் பகுதியில போய் தங்கிட்டாரு, அவரை சுத்தி அங்க பெரிய கூட்டமே இருந்துச்சு. அந்த சமயத்துலதான், 1926 ஆகஸ்ட்ல, அவங்க சபை தத்துவத்தை சொல்ல ஒரு ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க, அதான் 2ஜிபி. ஆத்ம விசாரம் பேச ஆரம்பிச்ச ரேடியோ, இன்னிக்கு டாக்ஸிக்குள்ள சண்டை போட்டுக்கிட்டு இருக்கு!

சபை கையில ரொம்ப நாள் இல்ல, முப்பதுகள்லயே வியாபாரிங்க கைக்கு போயிடுச்சு. அதுக்கப்புறம் நாடகம், தொடர்கதை, வினாடி வினான்னு ஓஹோன்னு ஓடுச்சு. 1956ல சிட்னியில டிவி வந்துச்சு, அவ்ளோதான், நாடகம் கேக்குற கூட்டம் பூரா டிவி முன்னாடி போய் உக்காந்துடுச்சு. நாடகம்னா நடிகருக்கு காசு, எழுதுறவருக்கு காசு, போன் போட்டு பேசுறவனுக்கு யாரு காசு குடுக்கணும்? ஒரு அறிவிப்பாளரும் போன் லைனும் இருந்தா மூணு மணி நேரத்தை ஓட்டிடலாம். ஆனா நேயர் குரலை அப்படியே ஒலிபரப்ப அந்த நாட்டுல ரொம்ப நாள் அனுமதி இல்ல, 1967 ஏப்ரல்லதான் கிடைச்சுது. அதுக்குப் பேருதான் டாக்பேக்.

இதுல இன்னொரு கூத்து, அன்னிக்கு முதமுதல்ல வந்த அந்த டிவி, சேனல் நைன், அதே கம்பெனிதான் 2019ல இந்த ரேடியோவையும் முழுசா வாங்கிச்சு.

கேள்வி: நேரலையில போன் பண்றவன் கெட்ட வார்த்தை பேசிட்டா என்ன பண்ணுவாங்க? (கடலூர் வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: நேரலைன்னு சொல்றாங்களே தவிர அதுல ஏழு செகண்ட் பொய் இருக்கும்மா. அந்தக் காலத்துல டேப்ல பதிவு பண்ற ஹெட் ஒரு இடத்துல, பாடுற ஹெட் கொஞ்சம் தள்ளி, டேப் அங்கேர்ந்து இங்க வந்து சேர ஏழு செகண்ட், அதுக்குள்ள பட்டனை அமுக்கிட்டா பேசின வார்த்தை வெளிய போகாது. இப்ப கம்ப்யூட்டரே பாத்துக்குது. ‘உங்க ரேடியோவை அணைச்சிட்டு பேசுங்க’ன்னு அங்க சொல்றதுக்கும் இதுதான் காரணம், தன் குரலையே ஏழு செகண்ட் கழிச்சு கேட்டா எவனும் குழம்பிடுவான். நம்மூர்ல ‘ரேடியோ சத்தத்தை கொறைங்க’ன்னு சொல்றது அந்த கீங்ங்னு வருதே அதுக்காக. நானும் ஒரு காலத்துல ஒயர் போன்ல ரீடயலை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சு, லைன் கிடைச்சப்ப என்ன பாட்டு கேக்கணும்னே மறந்து போயி ‘ஏதாச்சும் போடுங்க’ன்னு சொல்லிட்டு வெச்சவன்தான்.

கேள்வி: அந்த மாதிரி அரசியல் பேசுற ரேடியோ நம்ம பாண்டிச்சேரிக்கு ஏன் இல்ல? (அதே முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி போடக்கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி, ஆகாசவாணி செய்தியை மாத்தாம அப்படியே போடலாம், அவ்ளோதான். அதனால சூரியன், ஹலோ எல்லாம் பாட்டும் கலாட்டாவுமா ஓடுது.

இல்லாதது கெட்டதான்னு கேட்டா, எனக்கு ரெண்டு மனசு. மக்கள் குரலுன்னு சொல்ற டாக்பேக்ல காசு எப்படி புகுந்துச்சுன்னு பாருங்க. 1999ல சிட்னியில, 2ஜிபியோட போட்டி ஸ்டேஷன் 2யூஈ, அதுல ஜான் லாஸ்னு பெரிய அறிவிப்பாளர், பேங்குகளை கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டு இருந்தவரு, பேங்குகள் சங்கத்தோட காசு ஒப்பந்தம் போட்டப்புறம் குரலே மாறிடுச்சுன்னு வெளிய வந்துச்சு, விசாரணை வெச்சு நாறிப் போச்சு. அந்த விசாரணையில மாட்டின இன்னொருத்தர் ஆலன் ஜோன்ஸ். அவருதான் 2002ல 2ஜிபிக்கு தாவினாரு, தாவி காலை நேரத்துல முதலிடத்துக்கும் கொண்டு வந்தாரு! நேயருங்க கோச்சுக்கவே இல்ல சார், அதுதான் எனக்கு இன்னும் புரியல. 2005ல சிட்னி குரொனுல்லா கடற்கரை கலவரத்துக்கு முன்னாடி அவரு பேசின பேச்சு விதிமீறல்னு அப்புறம் அரசு அமைப்பே சொல்லுச்சு, அப்பவும் அவரு மைக்கை விட்டு எந்திரிக்கல, 2020 வரைக்கும் உக்காந்திருந்தாரு.

கேள்வி: வீட்ல பழைய டிரான்சிஸ்டர் கிடக்கு, எடைக்கு போட்டுடலாமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: முதுநகர்ல இருந்துக்கிட்டு நீங்க இதை கேக்கலாமா அண்ணே? 2011 டிசம்பர் 30 தானே புயல் உங்க கடலூருக்கும் எங்க பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்ப கரண்ட் எத்தனை நாளு இல்லன்னு உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தப்ப கடலூர்ல ‘பேரிடர் 107.8’னு தற்காலிகமா ஒரு எஃப்எம்மே ஆரம்பிச்சாங்க, ஞாபகம் இருக்கா? உங்க செட்ல எஃப்எம் பேண்ட் இருக்கான்னு மட்டும் பாருங்க, இருந்தா ரெண்டு பேட்டரி வாங்கி பக்கத்துல வைங்க, உள்ளயே போட்டு வெச்சுடாதீங்க, கசிஞ்சு ஸ்பிரிங்கெல்லாம் துரு புடிச்சிடும்.