கிளச் புடிச்சும் வண்டி ஊருதா?

கேள்வி: அண்ணே, எங்க தாத்தாவோட பிஎஸ்ஏ சி15 மோட்டார் சைக்கிள் எங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல பல வருஷமா கெடந்துச்சு. புது லைனிங் பிளேட் வாங்கி வீட்டுலயே கிளச்ச கழட்டிப் பூட்டுனேன். இப்ப லீவர முழுசா புடிச்சாலும் முதல் கியர்ல வண்டி ஊருது, நியூட்ரல் விழவே மாட்டேங்குது. சரின்னு ஸ்பிரிங் நட்ட லூசாக்குனா ஹட்டன் போற ஏத்தத்துல எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி ஏறல. பிளேட் சரியில்லையா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, பிளேட்ட குறை சொல்லாதீங்க. நாலு நட்டையும் ஒரே அளவுக்கு இறுக்கியிருப்பீங்க, பாக்குறதுக்கு அதுதான் சரின்னு தோணும், ஆனா இந்த மாடல் 1958லருந்து 1967 வரைக்கும்தான் வந்துச்சு, பழைய ஸ்பிரிங்கே இன்னும் உள்ள இருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி தளந்து போயிருக்கும். நட்டு சமமா இருந்தாலும் அழுத்தம் சமமா இருக்காது. லீவர் புடிக்கும்போது பிரஷர் பிளேட் (ஸ்பிரிங் அழுத்தத்துல மத்த பிளேட்டையெல்லாம் சேத்துப் புடிக்கிற வெளிப் பிளேட்) கோணலா எந்திரிக்குது, ஒரு பக்கம் விடுது, இன்னொரு பக்கம் உரசிக்கிட்டே இருக்கு. அதுனாலதான் இறுக்குனா ஊருது, லூசாக்குனா வழுக்குது.

மொதல்ல நாலு ஸ்பிரிங்கையும் ஒரு கண்ணாடி மேல பக்கத்துல பக்கத்துல நிப்பாட்டிப் பாருங்க. ஒண்ணு குட்டையா தெரிஞ்சாலும் நாலையும் சேத்து மாத்திருங்க, ஒண்ண மட்டும் மாத்துறது வீண் வேலை. கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு போறவங்க கிட்ட பழசுல ஒண்ண சாம்பிளுக்கு குடுத்து விடுங்க.

பூட்டுனதுக்கு அப்புறம் பிளக்க கழட்டிட்டு, நியூட்ரல்ல போட்டு (அடம்புடிச்சா எஞ்சின நிப்பாட்டிட்டு வண்டிய முன்ன பின்ன உருட்டுனா விழுந்துரும்), லீவர ஹேண்டிலோட சேத்து பழைய டியூப் துண்டால இறுக்கிக் கட்டுங்க. கிக்கர கையால மெதுவா அமுக்கிக்கிட்டே பிரஷர் பிளேட்டோட வெளி ஓரத்த மட்டும் பாருங்க, பக்கத்துல ஒரு கம்பிய அசையாம புடிச்சா இன்னும் நல்லா தெரியும். ஓரம் எந்த எடத்துல உங்க பக்கம் வெளிய வருதோ அங்க இருக்குற ஸ்பிரிங்தான் தளந்தது, அந்த நட்ட அரை சுத்து இறுக்குங்க, மறுபடி சுத்திப் பாருங்க, பிளேட் ஆடாம ஓடுற வரைக்கும் இதையே செய்ங்க. பொறுமை வேணும், ஆனா பழைய பிரிட்டிஷ் வண்டில கிளச் வேலைன்னாலே என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான், இத விட்டுட்டு வேற என்ன செஞ்சாலும் புண்ணியம் இல்ல. நட்ட திருப்ப தனி டூல் தேட வேணாம், பழைய தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியில நடுவுல அரத்தால ஒரு வெட்டு போட்டா போதும்.

பிளேட்டெல்லாம் உக்காருற கூடை இருக்கே, அந்த பாஸ்கெட்டோட காடிய நகத்தால தடவிப் பாருங்க, பள்ளம் விழுந்திருந்தா பிளேட் அதுல மாட்டிக்கிட்டு விடாது, அரத்தால லேசா சமமாக்குங்க. ஸ்டீல் பிளேட்ட கண்ணாடி மேல வச்சு அமுக்குனா ஆடக் கூடாது. கேபிள லூசாக்கி, பிரஷர் பிளேட் நடுவுல இருக்குற ஸ்க்ரூவ புஷ் ராட்ட (பிரஷர் பிளேட்ட வெளிய தள்ளுற கம்பி) தொடுற வரைக்கும் திருப்பி, அரை சுத்து பின்னால எடுத்து லாக் நட்ட போடுங்க, லீவர்ல 2, 3 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தா சரி.

பிரைமரி செயின் கேஸ்ல (எஞ்சின்லருந்து கிளச்சுக்கு செயின் ஓடுற பெட்டி) 20ம் நம்பர் எண்ணெய் போதும், கெட்டியான 50 ஊத்துனா நம்ம காலைக் குளிருக்கு பிளேட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். எப்பிடியும் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால லீவர புடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு தடவ கிக்கர் மிதிச்சு பிளேட்ட விடுவிச்சுக்கங்க.

கேள்வி: என்கிட்ட பழைய ஹோண்டா சிடி125 இருக்கு, கிளச் பூட்டும்போது எதுல கவனமா இருக்கணும்? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: மேல சொன்ன நட்டு வேலைய இதுல செய்யாதீங்கம்மா. ஸ்பிரிங் போல்ட்ட குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா முட்டுற வரைக்கும் இறுக்கணும், அவ்வளவுதான், மேல பலம் போட்டா அலுமினிய மரை போயிரும். புது லைனிங் பிளேட்ட ஒரு ராத்திரி எஞ்சின் ஆயில்ல ஊறப் போட்டுட்டு பூட்டுங்க. ஆயில் வாங்கும்போது டின்னுல ஜாஸோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு (ஆயில்ல நனையுற பைக் கிளச்சுக்கு ஏத்த ஆயில்ங்கிற முத்திரை) போட்டிருக்கான்னு பாருங்க, கார் ஆயில் சிலதுல வழுக்குற மருந்து கலந்திருக்கும், அத ஊத்துனா புது பிளேட்டும் ஏத்தத்துல வழுக்கும்.